ஐந்து பேர் மட்டும் பார்க்கலாம்

நான் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்து முடித்த முதல் ஆங்கிலப் புத்தகம் ஒரு மென்பொருளின் லைசென்ஸ் ஒப்பந்தம். முப்பத்தெட்டுப் பக்கம், பொடி எழுத்து. அதில் கதாநாயகன் கிடையாது, வில்லன் மட்டும் உண்டு. அந்த வில்லன் நான்தான் என்பது பன்னிரண்டாம் பக்கம் வந்தபோது தெரிந்தது. அதற்குள் செய்யக்கூடாததையெல்லாம் செய்து முடித்திருந்தேன்.

எங்கள் ஊர் திருத்தணிக்கு மேற்கே, ஆந்திராவை ஒட்டி இருக்கிறது. அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். வீட்டில் பேசுவது தமிழ். கோபம் முற்றினால் தெலுங்கு. நைனாவுக்கு மூன்று ஏக்கர் கரும்பு. நான் அரக்கோணத்துக்கு ரயிலில் போய்க் கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்தேன். தொண்ணூறுகளின் கடைசியில், எங்கள் கரும்பு எந்த ஆலைக்குப் போனதோ அதே தனியார் சர்க்கரை ஆலையின் அலுவலகத்தில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தேன். ஆலையின் பெயர் வேண்டாம். அதன் பிறகு அது இரண்டு கை மாறிவிட்டது.

கரும்பு போடாதவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கரும்பு விளைந்துவிட்டது என்பதற்காக யாரும் அரிவாளை எடுத்துக்கொண்டு இறங்க முடியாது. ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வரவேண்டும். எந்தத் தேதியில் நட்டீர்களோ அந்த வரிசைப்படி, இன்னாருக்கு இன்ன நாள் என்று ஆலை முறை போடும். ஆர்டர் வராமல் நிற்கிற கரும்பு பூத்து எடை குறையும். வெட்டிவிட்டு ஆலைக்குள் போகாமல் நிற்கிற கரும்பு வெயிலில் காயும். ஆகவே ‘என் முறை எப்போது’ என்பதுதான் மார்கழியிலிருந்து சித்திரை வரைக்கும் ஒவ்வொரு கரும்புக்காரனின் தலையிலும் ஓடுகிற ஒரே கேள்வி.

அந்தக் கேள்விக்குப் பதில் கேன் ஆபீசரின், அதாவது ஆலையின் கரும்பு அதிகாரியின், மேசையில் ஒரு நோட்டில் இருந்தது. அதைக் கேட்க, சைக்கிள் மிதித்து வந்து, ஆலை கேட்டில் நிற்க வேண்டும். படிக்கிற காலத்தில் ஒருநாள் நைனாவின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து நானும் போயிருக்கிறேன். பதினோரு மணிவரை நின்றோம். கேன் ஆபீசர் வெளியே வந்தார், கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தார், “இன்னைக்கு டைம் இல்ல, போய்ட்டு நாளைக்கு வாங்கய்யா” என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார். நைனா தலையிலிருந்து அவிழ்த்த துண்டைத் திரும்பக் கட்டிக்கொண்டார். எனக்கு முன்கோபம் அதிகம் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அன்றைக்கு வந்த கோபம் எனக்கு வேலை கிடைத்த பிறகும் ஆறவில்லை.

நான் சேர்ந்து இரண்டு வருடம் கழித்து அந்த நோட்டை ஒழித்துவிட்டு ஆலையில் மென்பொருள் வாங்கினார்கள். வெளியூர்க் கம்பெனி ஒன்று செய்து விற்றது. கரும்புப் பதிவு, நடவு தேதி, கட்டிங் ஆர்டர், எடை எல்லாம் அதற்குள். உபயோகிக்க ஐந்து பேருக்குத்தான் லைசென்ஸ்: பெரிய மேலாளர், ஆபீஸ் மேனேஜர், கேன் ஆபீசர், கணக்கர், எடை மேடை எழுத்தர். தட்டுகிறவள் நான். ஆனால் ஐந்து பேரில் நான் இல்லை. கேன் ஆபீசரின் பெயரைப் போட்டுத்தான் தினமும் உள்ளே போனேன். அவர் விரல் அந்த விசைப்பலகையில் பட்டதை நான் பார்த்ததே கிடையாது.

நோட்டு போய்க் கம்ப்யூட்டர் வந்ததே தவிர, கேட்டில் நிற்கிற கூட்டம் அப்படியேதான் இருந்தது. முறை இப்போது கேன் ஆபீசரின் நோட்டில் இல்லை, அவருடைய திரையில் இருந்தது, அவ்வளவுதான். அச்சு எடுத்தாலும் அது ஆங்கிலத்தில், பதிவு எண் வரிசையில் வரும். ஊர் வாரியாக வராது. நைனாவைப் போன்ற ஒருவர் அதில் தன் பெயரைக் கண்டுபிடிப்பதற்குள் கரும்பு பூத்துவிடும்.

மென்பொருளைப் பொருத்த வந்த பையன், போகிற அவசரத்தில், உள்ளே இருக்கும் டேட்டாபேஸின் பாஸ்வேர்டை ஒரு டீக்கடைச் சீட்டின் பின்பக்கம் எழுதி என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். “எதாவது ஆச்சின்னா போன் பண்ணுவீங்க இல்ல, அப்ப கேப்போம், வெச்சிக்குங்க” என்றான். நான் வைத்துக்கொண்டேன். ஒரு வாரம்தான் சும்மா வைத்திருந்தேன். பிறகு, டிப்ளமோவில் கற்றுக்கொண்டதை வைத்து ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். அது மென்பொருளின் பக்கமே போகாமல் நேராக டேட்டாபேஸுக்குள் போகும். அடுத்த பதினைந்து நாள் முறையை எடுக்கும். ஊர் வாரியாகப் பிரித்து, தமிழில், பெரிய எழுத்தில் அச்சடிக்கும். அதைக் காலை எட்டு மணிக்குக் கேட்டுப் பக்கத்தில் இருந்த பலகையில் ஒட்டினேன்.

முதல் நாள் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. சினிமா போஸ்டர் என்று நினைத்தார்கள் போல. மூன்றாம் நாள் பலகை முன்னால் சைக்கிள்கள் நின்றன. ஒரு வாரத்தில் ஊருக்கு ஒருவர் வந்து, தங்கள் ஊர் பட்டியலைக் கையால் எழுதிக்கொண்டு போய், எஸ்.டி.டி. பூத்திலும் பால் சொசைட்டியிலும் ஒட்டத் தொடங்கினார்கள். கேன் ஆபீசரைக் கேட்க யாரும் காத்து நிற்கவில்லை. நைனா வந்தார், எங்கள் ஊர் தாளில் விரலை மேலிருந்து கீழே ஓட்டினார், தன் பெயரில் நிறுத்தினார், தேதியைப் படித்தார், துண்டை அவிழ்க்காமலே சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். நான் மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் அதன் பிறகு சம்பள உயர்வு வந்தபோதுகூட இருந்ததில்லை.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிற புத்தி இல்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. கிருத்திகை அன்று எங்கள் ஊரில் யாரும் கரும்பில் அரிவாள் வைக்கமாட்டார்கள். விரதம் இருந்து மலைக்குப் போவார்கள். எல்லைக்கு அந்தப் பக்கத்துத் தெலுங்கு ஊர்களில் சனிக்கிழமை வெட்டமாட்டார்கள். அது பெருமாள் நாள். ஆலைக்கோ எல்லா நாளும் ஒரே நாள்தான். ஆகவே கிருத்திகையில் முறை விழுந்தவர் சனிக்கிழமை முறைக்காரரைத் தேடிப் போவார். இருவரும் பேசி முறையை மாற்றிக்கொள்வார்கள். நோட்டு இருந்த காலத்தில், இருவரும் சேர்ந்து வந்து சொன்னால், கேன் ஆபீசர் திட்டிக்கொண்டே பென்சிலில் அடித்து எழுதுவார். மென்பொருளில் அதற்கு இடமே இல்லை. நடவு தேதி சொல்வதுதான் முறை. சாமி, விரதம் எதுவும் அதற்குத் தெரியாது.

நைனாவுக்கும் அப்படி ஒருவர் உண்டு. இரண்டு ஊர் தள்ளி, தெலுங்குக்காரர். உறவு ஒன்றும் இல்லை, ஆனால் இருவரும் ஒருவரையொருவர் பாவா, அதாவது மச்சான், என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். எத்தனையோ வருடமாக மாற்றிக்கொள்கிறவர்கள்.

முறை மாற்றக் கேட்டு முதலில் வந்தது வேறு இரண்டு பேர். “நீதான பலகை போடறது? அப்ப நீயே மாத்திக் குடும்மா” என்றார்கள். நான் மாற்றிக் கொடுத்தேன். அதாவது, அதுவரை டேட்டாபேஸைப் படிக்க மட்டும் செய்தவள், முதல்முறையாக அதில் எழுதினேன். இவர் தேதி அவருக்கு, அவர் தேதி இவருக்கு. ஒரு நிமிட வேலை. பலகையில் சரியாக வந்தது. கரும்பும் ஆலைக்குள் சரியாகப் போனது. பிறகு இன்னும் சிலர் வந்தார்கள். அந்தச் சீசனிலும் அடுத்த சீசன் தொடக்கத்திலும் பத்துப் பன்னிரண்டு ஜோடிக்கு மாற்றியிருப்பேன். எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த மார்கழியில் கிருத்திகை ஒரு திங்கட்கிழமை வந்தது. நைனாவின் முறை அன்றைக்கு. பாவாவின் முறை அதற்கு முந்தின சனிக்கிழமை. வழக்கம்போல் பேசி முடித்துவிட்டு நைனா வீட்டில் என்னிடம் சொன்னார். நான் வழக்கம்போல் மாற்றினேன். சனிக்கிழமை விடியற்காலை ஆள் விட்டு வெட்டி, டிராக்டரில் ஏற்றி, ஒன்பது மணிக்கெல்லாம் நைனா எடை மேடைக்கு வந்துவிட்டார். எடை மேடை எழுத்தர் பதிவு எண்ணைத் தட்டினார். திரை மாட்டேன் என்றது. இந்த வாரம் இவருக்கு ஆர்டர் இல்லையாம்.

எனக்குப் பிறகுதான் விளங்கியது. மென்பொருள் ஒரு தேதியை ஒரு இடத்தில் மட்டும் வைப்பதில்லை. பட்டியலுக்கு ஒரு இடத்தில் நாளாக, எடை மேடைக்கு வேறொரு இடத்தில் வாரமாக வைத்திருந்தது. நான் மாற்றியது நாளை மட்டும். அதற்கு முன் மாற்றியவையெல்லாம் அதிர்ஷ்டவசமாக ஒரே வாரத்துக்குள் அடங்கிவிட்டன. நைனாவுடையதுதான் ஞாயிற்றுக்கிழமையைத் தாண்டியது.

வண்டியை ஓரம் கட்டச் சொன்னார்கள். ஆபீஸ் மேனேஜர் வந்தார். ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தவர், சட்டென்று சூடாவார், சட்டென்று ஆறுவார். அவர் கேட்பதற்கு முன்பே நைனா முந்திக்கொண்டார்.

“என் மேலதான் சார் தப்பு. நான்தான் பாப்பாகிட்ட மாத்தச் சொன்னேன். அத ஒண்ணும் சொல்லாதீங்க.”

“மாத்தறதுன்னா? எதுல மாத்தறது?” என்று மேனேஜர் என்னைப் பார்த்தார்.

நான் சொன்னேன். டீக்கடைச் சீட்டு முதற்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மென்பொருள் கம்பெனிக்கு போன் போட்டார். அவர்கள் தொலைபேசி இணைப்பு வழியாகக் கம்ப்யூட்டருக்குள் வந்து பார்த்து, நைனாவுடையதையும் பாவாவுடையதையும் சரிசெய்து முடிக்கச் சாயங்காலம் நாலு மணி ஆனது. அதுவரை கரும்பு வெயிலில் நின்றது. நைனா டிராக்டரின் நிழலில் உட்கார்ந்திருந்தார். நான் போய்த் தண்ணீர் கொடுத்தபோது, “சாப்டியா?” என்று மட்டும் கேட்டார். ஓவென்று அழுதுவிடுவேனோ என்று பயந்து வேகமாகத் திரும்பி வந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துக் கம்பெனியிலிருந்து கடிதம். எங்கள் மென்பொருளைத் தாண்டி வேறு புரோகிராம் மூலம் டேட்டாபேஸை யாரோ நேரடியாகப் படித்திருக்கிறார்கள், எழுதியும் இருக்கிறார்கள். இது லைசென்ஸுக்கு விரோதம். எங்கள் ஆள் வந்து ஆய்வு செய்வார். அதுவரை அந்தப் புரோகிராமை நிறுத்தவும். ஆய்வில் தவறு உறுதியானால் பழுது பார்க்கும் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்வோம். சீசன் நடுவில் அவர்கள் விலகினால் எடை மேடை நின்றுபோனாலும் கேட்க ஆள் இருக்காது.

“ஏம்மா, பலகைய எடுத்துடு” என்றார் மேனேஜர். “அவங்க வந்துட்டுப் போறவரைக்கும் வேணாம். அப்புறமும் இருக்குமா இருக்காதான்னு எனக்குத் தெரியாது. உன் வேலைய பத்தியும் இப்பவே ஒண்ணும் சொல்லமுடியாது.”

பலகையிலிருந்து தாள்களைக் கிழித்தேன். மறுநாள் காலை கேட்டில் சைக்கிள்கள் நின்றன. அதற்கு மறுநாள் இன்னும் அதிகமாக நின்றன. கேன் ஆபீசர் ஒன்றும் கெட்டவர் இல்லை, ஆனால் அந்த வாரம் அவர் நடையில் ஒரு துள்ளல் தெரிந்தது. நைனாவுக்கு இன்னும் ஒன்றரை ஏக்கர் வெட்ட வேண்டியிருந்தது. அவரும் கூட்டத்தில் நின்றார். நான் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். “வேணாம்மா. உன்னால எனக்கு மட்டும் தெரியுதுன்னு நாலு பேரு சொல்லுவான். நான் நின்னுக்கினு போறேன்” என்றுவிட்டார். மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் துண்டு அவர் கையில் இருந்தது. என் மேலேயே எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று இரண்டு பேனா உடைந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது: விரோதம் விரோதம் என்கிறார்களே, எந்த விதிக்கு விரோதம்? மேனேஜரிடம் ஒப்பந்தத்தைக் கேட்டேன். அதை யாரும் படித்ததில்லை. இரும்பு பீரோவில் தேடினோம், இல்லை. கடைசியில் அவருடைய மேசை விசிறி ஆடாமலிருக்க அடியில் வைத்திருந்த கட்டு அதுதான். விசிறியைத் தூக்கி எடுத்துக்கொண்டேன். மதிய உணவு நேரத்தில், ஒரு அகராதியோடு, மூன்று வாரம் படித்தேன்.

அதில் இருந்த விதிகளை என் பாஷையில் சொன்னால் இவ்வளவுதான். பெயர் குறித்த ஐந்து பேர் மட்டும், மென்பொருளின் திரைகள் வழியாக மட்டும் டேட்டாபேஸைத் தொடலாம். ஒருவர் பெயரில் இன்னொருவர் போகக்கூடாது. வேறு புரோகிராம் நேராக உள்ளே போய்ப் படித்தால், அந்தப் புரோகிராம் ஒரு ஆள் என்று கணக்கு இல்லை. அதன் வழியாக யார் யாரெல்லாம் தகவலைப் பார்க்கிறார்களோ அத்தனை பேருக்கும் லைசென்ஸ் வேண்டும். இதைப் படித்தபோது பலகை முன்னால் நின்ற சைக்கிள்கள், எஸ்.டி.டி. பூத், பால் சொசைட்டி எல்லாம் கண் முன்னால் வந்தது. ஒரு தாலுக்காவுக்கே லைசென்ஸ் வாங்க வேண்டியிருக்கும். நேரடியாக எழுதுவது மட்டும் எந்த லைசென்ஸிலும் கிடையாது. அது அறவே கூடாது. இந்த ஒன்றைப் படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. சனிக்கிழமை டிராக்டரைப் பார்த்தவளுக்கு அது ஏன் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முப்பத்தொன்றாம் பக்கத்தில் ஒரு பத்தி இருந்தது. நாலு முறை படித்தேன். லைசென்ஸ் உள்ள ஒருவர், மென்பொருளின் திரையிலிருந்து, தன் கையால் எடுத்த அறிக்கையை அச்சாகவோ கோப்பாகவோ வெளியே கொடுக்கலாம். அதைப் பார்ப்பவர்களுக்குத் தனி லைசென்ஸ் தேவையில்லை. அகராதியை மூடிவிட்டு, சாப்பிட மறந்திருந்த டப்பாவைத் திறந்தேன். எலுமிச்சை சாதம். அன்றைக்கு அது அவ்வளவு ருசியாக இருந்தது.

ஆய்வாளர் வந்தது தைக் கிருத்திகை அன்று. வேண்டுமென்றே அந்த நாளைத் தேர்ந்தெடுக்கவில்லை. அவருக்கு அப்படி ஒரு நாள் இருப்பதே தெரியாது. என் வயதுதான் இருக்கும் அவருக்கு. சென்னையிலிருந்து முதல் ரயிலில் திருத்தணி வந்து இறங்கியிருக்கிறார். ஊரெல்லாம் காவடி, மொட்டைத் தலை, சந்தனம். பஸ் நகரவில்லை. வந்ததுதான் வந்தோம் என்று மலை ஏறிக் கும்பிட்டுவிட்டு, பதினொன்றரைக்கு ஆலைக்கு வந்தார். கையில் லேப்டாப் பை, இன்னொரு கையில் பிரசாதப் பொட்டலம். முதலில் எங்கள் எல்லோருக்கும் சர்க்கரைப் பொங்கலைப் பிரித்துக் கொடுத்தார். பிறகு மேனேஜர் அறையில், கேன் ஆபீசரும் நானும் பக்கத்தில் நிற்க, உட்கார்ந்து வேலையைத் தொடங்கினார்.

“அந்த புரோகிராம் எழுதினது நீங்களா மேடம்?”

“ஆங், நான்தான் சார்.”

“அதுல வர்ற லிஸ்ட்டை எத்தனை பேர் பாப்பாங்க?”

மேனேஜர் என்னை ஒரு பார்வை பார்த்தார். குறைத்துச் சொல் என்று அர்த்தம். பொய் சொல்லி மாட்டுவதற்கு எனக்கு இஷ்டமில்லை. “ஊர் ஊரா பாக்கறாங்க சார். எழுதிக்கினு போய் ஒட்டிக்கறாங்க” என்றேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

“எழுதினதும் நீங்கதானா? டேட்டாபேஸ்ல, நேரா?”

“ஆங். அது தப்பு சார். அதுல எங்க நைனா வண்டியே நின்னுபோச்சு. இனிமே அத செய்யமாட்டேன். ஆனா பலகை தப்பில்ல.”

முப்பத்தொன்றாம் பக்கத்தைத் திருப்பி அவர் முன்னால் வைத்தேன். அவர் படித்தார். முகத்தைப் பார்த்தால் அவரும் அந்தப் பக்கத்துக்குப் புதுசு என்று தெரிந்தது. “இது ரிப்போர்ட்டுக்கு மேடம். உங்க புரோகிராம் உள்ளே போய் எடுக்குதே” என்றார்.

“சார், இப்ப பொங்கல் குடுத்தீங்களே, அது எங்க வாங்கினீங்க?”

“மேலே, பிரசாத ஸ்டால்ல.”

“ஜன்னல்ல சீட்டு குடுத்து வாங்கினீங்க. இங்க வந்து ஆறு பேருக்குக் குடுத்தீங்க. ஆறு பேருக்கும் சீட்டு இருக்குதான்னு கோயில்ல யாராவது கேப்பாங்களா? நான் பண்ணது, மடப்பள்ளிக்குள்ள பூந்து நானே அண்டாவுல கைய விட்டு எடுத்தது. அது தப்பு, ஒத்துக்கறேன். இனிமே காலைல ஜன்னல்ல நின்னு, திரைல ரிப்போர்ட் போட்டு, கோப்பா எடுத்துக்கறேன். என் புரோகிராம் அந்த கோப்ப மட்டும்தான் படிக்கும். உள்ள எட்டிக்கூட பாக்காது. ஊர் வாரியா பிரிச்சி தமிழ்ல அடிக்கும். அவ்ளோதான்.”

மேனேஜர் இருமுவதுபோல் சிரிப்பை மறைத்தார். ஆய்வாளர் அந்தப் பத்தியை மறுபடி படித்தார். “கையால எடுக்கணும். தானா ஓடற மாதிரி வெக்கக்கூடாது” என்றார்.

“தினம் எட்டு மணிக்கு நானே எடுக்கறேன்.”

“அப்படின்னா ஓகே. ஆனா...” அவர் தன்னிடமிருந்த பட்டியலைத் திருப்பினார். “இந்த அஞ்சு பேர்ல உங்க பேர் எது?”

எத்தனை பக்கம் படித்தேன், எத்தனை வார்த்தைக்கு அகராதி பார்த்தேன்! ஜன்னலில் நிற்க என்னிடமே சீட்டு இல்லை என்பதை மட்டும் மறந்திருந்தேன். ஆறாவது லைசென்ஸ் வாங்க ஆலை அந்த வருடம் சம்மதிக்காது. அது அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். கேன் ஆபீசர் சுவர்க் காலண்டரைப் பார்த்தார்.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பேரை மாத்த முடியுமா தம்பி?”

“ஒருத்தர் நிரந்தரமா விட்டுக்குடுத்தா இன்னொருத்தருக்கு மாத்தலாம் சார். திரும்ப வாங்கிக்க முடியாது.”

“அப்ப என்னுத எடுத்து இதுக்குப் போடு. அந்த பொட்டிய வெச்சிக்கினு நான் இன்னா பண்றேன்? தொடாம வெச்சா திரைல மீன் நீஞ்சும், பாத்துக்கினு இருப்பேன். இந்த பொண்ணு விசிறிய தூக்கிட்டு அந்த கட்ட எடுத்துக்கினு போனதுலருந்து விசிறி வேற ஆடுது. இத முடிச்சி குடுத்துட்டுப் போ, அந்த கட்டாவது திரும்பி வரட்டும்.”

ஆய்வாளர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. மேனேஜருக்கு நன்றி சொல்லக்கூட இல்லை. தலையை மட்டும் ஆட்டினேன். நடந்த தவறுக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. அதை வாங்கிக்கொண்டேன்.

கிளம்பும்போது ஆய்வாளர் கேட்டைப் பார்த்துவிட்டு, “என்ன, இன்னிக்கு ஒரு விவசாயியும் காணோம்?” என்றார். கிருத்திகையைப் பற்றியும் சனிக்கிழமையைப் பற்றியும் அப்போதுதான் சொன்னேன். பாதியில் நின்று, லேப்டாப் பையைக் கேட்டுப் பக்கத்துத் திட்டின் மேல் வைத்து, முழுதும் எழுதிக்கொண்டார். யார் யாரோடு மாற்றுவார்கள், இருவரும் நேரில் வர வேண்டுமா, ஒருவர் பின்வாங்கினால் என்ன என்று கேள்வி மேல் கேள்வி. “இப்படி ஒண்ணு இருக்குன்னு எங்ககிட்ட யாருமே சொல்லல மேடம்” என்றார். யாரும் கேட்கவும் இல்லை என்று சொல்ல வாய்வரை வந்தது. நல்ல மனிதர், பொங்கல் வேறு கொடுத்தவர் என்பதால் விட்டுவிட்டேன்.

மறுநாள் எட்டு மணிக்கு என் பெயரிலேயே உள்ளே போனேன். திரையின் மூலையில் என் பெயர் முதல்முறையாக வந்தது. அறிக்கையை எடுத்தேன், அச்சடித்தேன், ஒட்டினேன். அந்தச் சீசன் முடியும்வரை முறை மாற்ற வந்தவர்களைக் கேன் ஆபீசரிடமே அனுப்பினேன். அவர் பழைய ஆர்டரை ரத்து செய்து புதுசு போட்டுக் கொடுத்தார். இரண்டு நாள் இழுக்கும். ஆனால் எடை மேடையில் ஒரு வண்டியும் நிற்கவில்லை.

அடுத்த மார்கழியில் மென்பொருளின் புதுப் பதிப்பு வந்தது. அதில் புதிதாக ஒரு திரை: இரண்டு பதிவு எண்ணைக் கொடுத்தால் இரண்டு முறையும் ஒன்றுக்கொன்று மாறும், நாளும் வாரமும் சேர்ந்து. கீழே ‘மாற்றியவர்’ என்று ஒரு கட்டம். அதைப் பார்த்து நான் எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்தில் இருந்த கணக்கர் ஏதோ கடித்துவிட்டது என்று நினைத்தார்.

முதல் ஜோடியாக வந்தது நைனாவும் பாவாவும்தான். மேனேஜர் சொல்லி அனுப்பியிருக்கிறார் போல. இருவரும் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார்கள். எண்களைத் தட்டினேன். தேதிகள் மாறின. கீழே என் பெயர் விழுந்தது. பாவா எட்டிப் பார்த்து, “அயிபோயிந்தா, முடிஞ்சிச்சா? இவ்ளோதானா?” என்றார்.

“உன் பேரு எங்கம்மா வருது?” என்று நைனா கேட்டார். அவருக்கு ஆங்கிலம் படிக்க வராது. திரையை அவர் பக்கம் திருப்பப் போனேன். அவர் கையைக் காட்டித் தடுத்தார்.

“இரு இரு. இத பாக்கறதுக்கு எனக்கு லைசென்ஸ் இருக்குதா?”

“இல்ல நைனா” என்றேன். “பிரின்ட் எடுத்துத் தரேன். ஊருக்கே காட்டு.”

அச்சு எந்திரம் கரகரவென்று ஓடியது. தாளைக் கிழித்துக் கொடுத்தேன். என் பெயர் இருந்த இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டுக் காட்டினேன். நைனா அதைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, துண்டு தலையில் கட்டினபடியே, மேனேஜர் அறையின் வாசலில் நின்று ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போனார். அந்தத் தாள் பால் சொசைட்டியில் அடுத்த கிருத்திகைவரை ஒட்டியிருந்தது.